பட்டறைப் பக்கம்: பழைய பிக்கப்பும் ஐந்து ரயரும்



சென்ற இதழில் வீட்டுப் பொயிலர் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த தாய்மார் சிலர் தமிழ்ப் பள்ளி வாசலில் எங்களைப் பிடித்துவிட்டார்கள். "தம்பிமார், இவையள் வாங்கிற பழைய கார், வானைப் பற்றியும் ஒருக்கால் எழுதுங்கோ. பிள்ளையளை அதிலைதானே ஏத்திக்கொண்டு திரியினம்" என்றார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் இந்த முறை எழுதுவதில் எங்கள் பிழை ஒன்றும் கலந்திருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

புதிதாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறோம். நாங்கள் என்றால் எட்மண்டனில் ஒரே தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, ஒரே வீட்டில் இருக்கும் நாலு பேர். பேனை பிடிப்பது ஒருவர், கதை நாலு பேருடையது. எங்களில் ஒருவரும் ஓ.எல். தாண்டவில்லை. வன்னியில் பள்ளிக்கூடம் நடந்த நாட்களை விட இடம்பெயர்ந்த நாட்கள்தான் அதிகம். எங்களில் ஒருவர் அங்கே இரண்டு வருடம் ரயர் ஒட்டும் கடையில் நின்றவர். அதனால் இங்கே எவர் கார் வாங்கினாலும் "ரயரை ஒருக்கால் பாருங்கோ தம்பி" என்று அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமைதான் எங்களை விழுத்தியது.

எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணை ஒருவர் வடமராட்சிக்காரர். அவருடைய தகப்பனார் ஊரில் மொறிஸ் மைனர் கார் வைத்து வாடகைக்கு ஓடியவர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் காரைப் பற்றி விளக்கம் தேவையில்லை. ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் இவை மூன்றும் இல்லாமல் எங்கள் ஊர்களில் கலியாணமும் நடக்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் போகவில்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவைதான். மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலில் காட்டப்பட்டது. வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். 1971 வரைக்கும் 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1953 தொடக்கம் அதிலேயே வானும் பிக்கப்பும் வந்தன.

எங்கள் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெறும்போது, தன் கராஜில் நின்ற 1967ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப்பை அண்ணைக்கு மலிவாகக் கொடுத்தார். அண்ணை அதைக் கண்ட அன்று கண் கலங்கிவிட்டார். தகப்பனாருடைய காரின் அதே முகம், அதே இரண்டு உருண்டை விளக்கு. ஆசை மட்டும் காரணமில்லை, கணக்கும் இருந்தது. 2023 ஓகஸ்ட் 29 தொடக்கம் லண்டன் முழுவதற்கும் யூலெஸ் வந்துவிட்டது. பழைய டீசல் வான் வைத்திருப்பவர் ஓடுகிற நாளுக்கு 12.50 பவுண் கட்ட வேண்டும். இந்தப் பிக்கப்போ வரலாற்று வாகனமாகப் பதியப்பட்டது, அந்தக் கட்டணம் இல்லை. வீதிவரியும் பூச்சியம். 2018 மே மாதம் தொடக்கம் 40 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வாகனங்களுக்கு எம்.ஓ.ரி. சோதனையும் கட்டாயமில்லை.

அந்தக் கடைசி விடயத்தை எல்லோரும் சலுகை என்று சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வருடத்துக்கு ஒரு தடவையாவது வேறொருவர் குனிந்து பார்க்கும் பார்வை அந்த வண்டிக்கு இல்லாமல் போய்விட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சென்ற தைப்பொங்கலை ஒட்டிய சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பொங்கல் விழா. மண்டபத்துக்கு அரிசி, வெங்காயம், பெரிய கிடாரம், அடுப்பு எல்லாம் கொண்டுபோக வேண்டும். அண்ணை முதல்நாள் மாலை எங்கள் வீட்டு வாசலில் பிக்கப்பைக் கொண்டுவந்து விட்டு, "ரயர் எப்பிடி இருக்கு, ஒருக்கால் பாருங்கோ" என்றார்.

எங்கள் ரயர்க்காரர் குனிந்து பார்த்தார். 20 பென்ஸ் நாணயத்தை ரயரின் பள்ளத்துக்குள் விட்டுப் பார்த்தார். நாணயத்தின் வெளிக்கரை பள்ளத்துக்குள் மறைந்தால் சட்டப்படி போதும் என்று இங்கே எல்லோரும் சொல்லித் தருவார்கள், அது சரியான பரீட்சைதான். முன் ரயர் இரண்டும் ஓரளவு தேய்ந்திருந்தன. பின் ரயர் இரண்டும் புதிது போல, நாணயத்தின் கரை நன்றாக உள்ளே போய்விட்டது. மற்ற மூன்று பேரும் சுற்றி நின்று தலையாட்டினோம். "பின் ரயர் அருமையான ரயர் அண்ணை, இன்னும் பத்து வருசம் ஓடும்" என்றோம்.

அடுத்த நாள் காலை நல்ல மழை. அண்ணை தனது பன்னிரண்டு வயது மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, 20 கிலோ அரிசி மூட்டை பதினான்கு, வெங்காயச் சாக்கு மூன்று, கிடாரம், அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு ஏ10 வீதியில் வடக்காகப் போனார். கிறேற் கேம்பிரிட்ஜ் றோட்டில், நோர்த் சேர்க்குலரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இடது பின் ரயர் போனது. வெடித்தது என்று சொல்வதை விட உரிந்தது என்று சொல்வதுதான் சரி. ரயரின் மேற்பட்டை முழுவதும் மாம்பழத் தோல் மாதிரிக் கழன்று வந்துவிட்டது. வண்டியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், வீதிக்குக் குறுக்காக நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் நல்ல தூரம் விட்டு வந்தபடியால் நிற்பாட்டிவிட்டார். பிள்ளையின் தலை பக்கக் கண்ணாடியில் அடித்து நெற்றியில் மூன்று தையல். பெல்ற் போட்டிருந்தபடியால் அவ்வளவோடு போயிற்று.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உரிந்த பட்டை வீதி ஓரத்தில் மழையில் கிடந்தது. பொலிஸ்காரர் அளவுகோலை அதன் பள்ளத்துக்குள் விட்டுப் பார்த்தார். சட்டம் கேட்பது 1.6 மி.மீ. அதில் 5 மி.மீ. இருந்தது. "பத்து வருசம் ஓடும்" என்று நாங்கள் சொன்ன பள்ளம் அப்படியே அழகாக இருந்தது. அண்ணை எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அடுத்த வாரம் அந்த வெள்ளைக்காரக் கிழவர் செய்தி அறிந்து தானாகவே வந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் முற்றத்தில் முழங்காலில் இருந்து, ஒவ்வொரு ரயரின் பக்கச் சுவரையும் துணியால் துடைத்து வாசித்துக் காட்டினார். அன்றுதான் தெரிந்தது, ரயரை அதன் மேலே பார்ப்பது பாதிதான். மீதி பக்கத்தில் எழுதியிருக்கிறது.

முதலாவது, வயது. ரயரின் பக்கத்தில் டி.ஓ.ரி. என்ற மூன்று எழுத்து இருக்கும். அந்த வரிசையின் கடைசி நாலு எண்தான் பிறந்த திகதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. சில ரயர்களில் இந்த நாலு எண் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அது உட்பக்கமாகப் பூட்டப்பட்டிருந்தால் வண்டிக்குக் கீழே ரோர்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். 2000க்கு முன்னர் செய்த ரயர்களில் மூன்று எண்தான். எங்கள் பின் ரயர்களில் இருந்தது மூன்று எண். அதாவது வயது 25க்கு மேல். அந்தப் பிள்ளையை விட இரண்டு மடங்குக்கு மேல் வயது.

பள்ளம் தேயாததற்குக் காரணமும் அதுதான். கிழவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் தோட்டத்துக்கு மட்டும் ஓடியிருக்கிறார். ஓடாத ரயர் தேயாது, ஆனால் முதுமை அடையும். வீட்டு லாச்சியில் கிடந்த றப்பர் பாண்டை ஐந்து வருடம் கழித்து இழுத்துப் பாருங்கள். ஒருவரும் பாவிக்கவில்லை, ஆனாலும் அறுந்துவிடும். றப்பர் காற்றோடும் வெயிலோடும் மெல்ல மெல்லக் காய்ந்து இறுகுகிறது. உள்ளே துணியோடும் கம்பியோடும் ஒட்டியிருக்கும் பிடி விட்டுப்போகிறது. வெளியே பக்கச் சுவரில் மயிர் போல வெடிப்புகள் தெரியும். சிலவேளை அதுகூடத் தெரியாது. பாரம் ஏற்றி வேகமாக ஓடும்போது ரயர் சூடாகி, பிடி விட்ட இடத்தில் கழன்றுகொள்கிறது.

இது எங்கள் வாசலில் மட்டும் நடந்த விடயமில்லை. 2012 செப்ரெம்பரில், ஐல் ஒப் வைற் தீவில் நடந்த இசைவிழா முடிந்து லிவர்பூலுக்குத் திரும்பிய கோச் ஒன்று சறே மாவட்டத்தில் ஹைன்ட்ஹெட் என்ற இடத்துக்கு அருகே ஏ3 வீதியில் மரத்தில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். முன் ரயர் ஒன்று வெடித்ததுதான் காரணம். அந்த ரயருக்கு வயது 19க்கு மேல், அந்தக் கோச்சை விட ரயருக்கு வயது கூட. பள்ளத்தின் ஆழமோ சட்டப்படி சரி. இறந்தவர்களில் 18 வயதுப் பையன் மைக்கல் மொலோய் ஒருவன். அவனுடைய தாய் பிரான்ஸஸ் மொலோய் வருடக்கணக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். அதன் பிறகுதான் 2021 பெப்ரவரி 1 தொடக்கம், லொறி, பஸ், கோச் ஆகியவற்றின் முன் அச்சிலும், மினிபஸ்ஸின் ஒற்றைச் சக்கரங்கள் எல்லாவற்றிலும் 10 வருடம் தாண்டிய ரயர் பூட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. மினிபஸ் வைத்து ஆட்களை ஏற்றும் எங்கள் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும். காருக்கும் சிறிய வானுக்கும் எங்கள் பிக்கப்புக்கும் அந்தச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாதபடியால் எவரும் எங்களைத் தடுக்கப்போவதும் இல்லை.

இரண்டாவதாகக் கிழவர் காட்டியதுதான் எங்களை இன்னும் வெட்கப்பட வைத்தது. முன் ரயர்கள் றேடியல், பின் ரயர்கள் குறொஸ்பிளை. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டோம். எங்கள் மொழியில் சொல்வதென்றால் இப்படி. குறொஸ்பிளை ரயருக்குள் இருக்கும் நூல் பனையோலைப் பாய் இழைத்த மாதிரி, ஒன்றுக்கு மேல் ஒன்று குறுக்கும் மறுக்கும் சாய்ந்து போகும். றேடியலில் நூல் ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு நேராகப் போகும். அதற்கு மேலே சுற்றிவரக் கம்பிப் பட்டி கட்டியிருக்கும். மிஷலின் கம்பனி 1946இல் காப்புரிமை எடுத்து, 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்த றேடியலை. இது வளைவிலும் நனைந்த வீதியிலும் இறுக்கிப் பிடிக்கும். முன்னுக்கு இறுக்கிப் பிடிக்கும் ரயரும் பின்னுக்கு நழுவும் ரயரும் இருந்தால், மழையில் பின்பக்கம்தான் முதலில் சறுக்கும். ஆகவே முன்னுக்கு றேடியல், பின்னுக்கு குறொஸ்பிளை என்று பூட்டி ஓடுவது இந்த நாட்டில் சட்டவிரோதம். ஒரே அச்சில் இரண்டையும் கலப்பதும் அப்படியே. பின்னுக்கு றேடியல், முன்னுக்கு குறொஸ்பிளை என்றால் சட்டம் விடும், ஆனால் அறிந்தவர்கள் அதையும் செய்யமாட்டார்கள். நாலும் ஒரே இனம் என்பதுதான் நிம்மதி. சட்டத்துக்குப் பொருந்தாத ரயர் ஒவ்வொன்றுக்கும் 2,500 பவுண் வரை தண்டமும், லைசென்சில் 3 புள்ளியும் வரலாம். அண்ணையைப் பொலிஸ்காரர் எச்சரித்து விட்டது அவருடைய நல்லகாலம்.

"முன்னுக்கு இரண்டை மட்டும் மாற்றினேன். கிழமைக்கு மூன்று மைல்தானே என்று நினைத்தேன்" என்று கிழவர் சொல்லிவிட்டுத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். அவரை என்ன சொல்வது? நாங்கள் நாலு பேரும் நாணயத்தோடு நின்றவர்கள்தானே.

மூன்றாவது பாரம். 1967ஆம் ஆண்டு மைனர் பிக்கப் ஆறு அந்தர் வண்டி. அந்தர் என்றால் எங்கள் ஆட்களுக்கு விளங்கும், வெங்காயமும் நெல்லும் நிறுத்த கணக்குத்தான். ஓர் அந்தர் 50.8 கிலோ, ஆறு அந்தர் 305 கிலோ. அன்று ஏற்றியது அரிசி 280, வெங்காயம் 75, கிடாரமும் அடுப்பும் வேறு. ஓர் அந்தருக்கு மேல் அதிகம். ஏற்றிவிட்டது யார்? நாங்கள்தான். "இந்த வண்டி ஊரிலை எவ்வளவு ஏத்தினது தெரியுமோ" என்று கதைத்துக்கொண்டுதான் ஏற்றினோம். ஊரில் கிறவல் வீதியில் இருபது மைல் வேகம். ரயர் தேய்ந்து துணி தெரியும் வரைக்கும் ஓடி, துணி தெரிந்த பிறகு உள்ளே பழைய ரயர்த் துண்டை வைத்து மேலும் ஓடினோம். சைக்கிளுக்கு ரியூப் இல்லாத காலத்தில் வைக்கோலை அடைந்து ஓடியவர்களும் நாங்கள்தான். அந்த நாளில் அது கெட்டித்தனம். ஏ10 வீதியில் நாற்பது மைல் வேகத்தில், மழைக்குள், அந்தக் கெட்டித்தனம் உதவவில்லை.

இனி வாங்கிய கதை. சேதம் பெரிதில்லை, மட்கார்ட் நெளிந்ததுதான். அண்ணை வண்டியை விற்கிற யோசனையில் இருந்தார். அண்ணியும் அதைத்தான் சொன்னா. நாங்கள் சீட்டுக் காசை எடுத்து ஐந்து ரயரும் நாங்களே வாங்கித் தருவதாகச் சொன்னோம். அவர் வேண்டாம் என்றார். இரண்டு கிழமை கழித்துப் பாதி தாருங்கள் என்றார்.

முதலில் போன இடத்தில், அகலமான ரயர் பூட்டினால் வடிவாயிருக்கும், மலிவும் என்றார்கள். கிழவர் விடவில்லை. மைனரின் சக்கரம் 14 அங்குலம், றிம் மெல்லியது. அதற்கு முதலில் வந்தது 5.00-14, பிறகு 5.20-14 என்ற குறொஸ்பிளை அளவுகள். அந்த அளவில் குறொஸ்பிளை இன்றைக்கும் பழைய வாகன ரயர் விற்பவர்களிடம் வாங்கலாம். கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். நாங்கள் மழையில் சாமான் ஏற்றுகிறவர்கள், ஆகவே றேடியல் என்று தீர்மானித்தோம்.

றேடியலில் 145 அகலமா, 155 அகலமா என்று கேள்வி வந்தது. மைனர்காரர் பலர் இரண்டையும் பாவிக்கிறார்கள். 145/80 றேடியல் 14இன் குறுக்களவு ஏறக்குறைய 588 மி.மீ., 155/80 என்றால் 604. பெரியதைப் பூட்டினால் ஸ்பீடோமீற்றர் நாற்பது காட்டும்போது உண்மையில் நாற்பத்தொன்று ஓடும், அது பெரிய விடயமில்லை. ஆனால் ஒவ்வொரு அளவு ரயருக்கும் றிம் ஆகக் குறைந்தது எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று செய்தவர்களின் அட்டவணை இருக்கிறது. குறுகிய றிம்மில் அகலமான ரயரை இறுக்கினால் பக்கச் சுவர் வளைந்து, வளைவில் ஆடும். கிழவர் றிம்மின் உள்ளகலத்தை அளந்து பார்த்தார். எங்களுடையது 155க்குச் சொன்னதை விடக் குறுகல். ஆகவே 145. உங்கள் வண்டியின் றிம்மை அளக்காமல் எங்கள் விடையைக் கொப்பி அடிக்க வேண்டாம்.

அளவுக்குப் பக்கத்தில் 76 ரி என்ற மாதிரி எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் பாரத்துக்கு, எழுத்து வேகத்துக்கு. 76 என்றால் ஒரு ரயர் 400 கிலோ தாங்கும், 80 என்றால் 450, 82 என்றால் 475. பாரம் ஏற்றிய பிறகு பின் அச்சில் வரும் மொத்த எடை, இரண்டு ரயரும் சேர்ந்து தாங்குவதற்குள் இருக்க வேண்டும். ரி என்பது மணிக்கு 190 கிலோமீற்றர், மைனர் அந்த வேகத்தைக் கனவிலும் காணாது.

இந்த எண்தான் புதிதாக வான் வாங்கும் எங்கள் குடும்பங்களுக்கு மிக முக்கியம். பெரிய வான் ரயர்களில் அளவின் முடிவில் சி என்ற எழுத்தும், 104/102 போல இரண்டு எண்ணும் இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, 104 என்றால் 900 கிலோ. இரண்டாவது இரட்டைச் சக்கரத்துக்கு, 102 என்றால் ஒவ்வொன்றும் 850. அதே அளவில் கார் ரயர் மலிவாகக் கிடைக்கும், றிம்மிலும் போய் இருக்கும், காற்றும் நிற்கும். கடைக்குச் சாமான் ஏற்றும் நாளில்தான் கணக்கு வரும். உங்கள் வான் கதவு ஓரத்தில் அல்லது கைநூலில் எழுதியிருக்கும் எண்ணுக்குக் குறைந்த ரயரை ஒருவர் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

பணம் கொடுக்க முதல் ஒவ்வொரு ரயரின் நாலு எண்ணையும் கேட்டோம். இப்படிப் பழைய அளவுகளைத் தினமும் செய்வதில்லை, ஒருதடவை செய்து களஞ்சியத்தில் வைப்பார்கள். வந்த ஐந்தில் ஒன்று மற்றவற்றை விட நாலு வருடம் பழையது. திருப்பிக் கொடுத்தோம், முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள். ரயர், ரியூப், பூட்டுக்கூலி எல்லாம் நானூறு பவுணுக்கு மேல் போயிற்று.

ரியூப் ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் றிம் பொருத்தாணி அடித்த பழைய றிம். இன்றைய றிம்களில் ரயர் உள்ளே வழுக்கி விழாமல் ஒரு மேடு இருக்கும், இதில் இல்லை. அதனால் ரியூப் போட்டோம். ரியூபும் அதே அளவுக்கும் றேடியலுக்கும் செய்ததாக இருக்க வேண்டும். புது ரயருக்குள் ஒட்டியிருந்த கடதாசித் துண்டைக் கிழவர் விரலால் சுரண்டி எடுத்தார். அது ரியூபோடு உரஞ்சி உரஞ்சி ஓட்டை போட்டுவிடுமாம். ஒட்டுக்கடையில் இரண்டு வருடம் நின்ற எங்கள் ரயர்க்காரர் அதை வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். றிம்மின் உள்ளே துருவைத் தேய்த்து எடுத்து, பூச்சுப் பூசி, அதன் பிறகுதான் பூட்டியது.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கைநூலில் இருக்கும் அளவு குறொஸ்பிளைக்கு எழுதியது. றேடியலுக்கு ரயர் செய்தவர்களிடம் கேட்டு அடிக்க வேண்டும். பாரம் ஏற்றும் நாளில் பின்னுக்குக் கூட அடிக்க வேண்டும், ஓடிச் சூடாக முதல் பார்க்க வேண்டும். நட்டை இறுக்கிவிட்டு ஐம்பது மைல் ஓடிய பிறகு மறுபடி இறுக்கிப் பார்த்தோம். ஒன்று கால் சுற்று வந்தது.

ஐந்தாவது ரயரை மறந்துவிடக்கூடாது. பின்னுக்குக் கிடந்த மேலதிகச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் அது மற்ற எல்லாவற்றையும் விடக் கிழம். ஏ10 வீதியில் அன்று அதைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் கதைப்பதில்லை.

பழைய ரயர் வாங்கும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. போர் ஸ்ரீற் பக்கத்திலும் தொழிற்பேட்டைகளிலும் இருபது பவுணுக்குப் பூட்டித் தரும் கடைகள் உண்டு. பிழை சொல்லவில்லை. வந்த புதிதில் இருபது பவுண் என்பது என்ன என்று எங்களுக்குத் தெரியும். பாவித்த ரயர் விற்பது சட்டவிரோதமும் இல்லை, ஆனால் அதற்கு 1994ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. பள்ளம் 2 மி.மீ.க்குக் குறையக்கூடாது. "பார்ட் வோர்ன்" என்று ஆங்கிலத்தில், 4 மி.மீ. உயரத்துக்குக் குறையாத எழுத்தில் அடித்திருக்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் பொருக்கோ பெரிய வெட்டோ இருக்கக்கூடாது. அந்த எழுத்து இல்லாவிட்டால் ஒருவரும் அதைச் சோதிக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். கழற்றிக் கீழே வைத்திருக்கும்போதே உட்பக்கத்தில் கையை விட்டுப் பாருங்கள். நாலு எண்ணை வாசியுங்கள். பூட்டிய பிறகு ஒன்றும் தெரியாது. இரண்டு பாவித்த ரயருக்குக் கொடுக்கும் காசோடு கொஞ்சம் சேர்த்தால் மலிவான புது ரயர் ஒன்று வரும் என்பதையும் விசாரித்துப் பாருங்கள். அநேகமான கார் அளவுகளுக்கு அப்படித்தான் இருக்கிறது.

கார் வாங்கப் போகும்போது மழை பெய்தால் இன்னொரு நாள் போங்கள். நனைந்த ரயரில் வெடிப்புத் தெரியாது.

கடந்த மாதம் அண்ணை பிக்கப்பில் எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராக ஏற்றி ஒரு சுற்று ஓடிக் காட்டினார். மழைநாளாகப் பார்த்துத்தான் ஓடினார். நல்ல பிடி. மகள் மட்டும் இன்னும் அதில் ஏறுவதில்லை, தமிழ்ப் பள்ளிக்கு பஸ்ஸில்தான் வருகிறாள். அண்ணை அவளைக் கேட்கவும் இல்லை. உரிந்த பட்டையை எங்கள் ரயர்க்காரர் வெட்டி, அந்த மூன்று எண் இருக்கும் துண்டோடு சேர்த்துப் பின் வளவுக் கொட்டிலில் தொங்கவிட்டிருக்கிறார். ரயர் பார்க்கச் சொல்லி எவர் வந்தாலும் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் குனிகிறார்.

அடுத்த இதழில் வாகன இன்சூரன்ஸ் பற்றி எழுதுவோம். சொந்தப் பாவனைக்கு என்று எடுத்துவிட்டுக் கடைச் சாமான் ஏற்றுகிறவர்கள் அதுவரைக்கும் பத்திரத்தின் பின்பக்கத்தை ஒருதடவை வாசித்து வையுங்கள்.